ஏற்றத்தில் என்ஜின் நின்றுவிட்டால்: மலையகச் சாரதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் இருந்துகொண்டு நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கமெல்லாம் பல வருடங்களாக வாடகைக்குக் கார் ஓட்டுகிறேன். இரண்டு என்ஜின்களைக் காவு கொடுத்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, தெரிந்தவர்களின் வண்டி எங்கேயாவது படுத்துவிட்டால் முதல் அழைப்பு எனக்கு வருகிறது. கராஜில் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையும் என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிட்டது. முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்வது?

பிரேக் இன்னும் இருக்கிறது. ஆனால் அதற்கு உதவும் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே காற்றிழுப்பு மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு மிதி கல்லாக இறுகிவிடும். ஆகவே பிரேக் மிதியைத் திரும்பத் திரும்ப விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். ஸ்டியரிங் கனக்கும், பயப்பட வேண்டாம், பலம் போட்டால் திரும்பும். வண்டி அசைந்துகொண்டிருக்கும்போது சாவியை உருவிவிடக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

நின்றதும் ஹேண்ட் பிரேக், பிறகு கியர். ஏற்றத்தில் நின்றால் முதல் கியர், இறக்கத்தில் நின்றால் ரிவர்ஸ். சில்லுக்குக் கல் வைக்காமல் யாரும் வண்டியின் பின்னால் நிற்கக் கூடாது. பழைய லொறிகளில் கட்டையோடு குதிக்கும் உதவியாளரை நாம் கிண்டல் செய்திருப்போம். அந்தக் கட்டையின் அருமை கம்பளை-நுவரெலியா வீதியின் றம்பொடை வளைவில் நின்றால் தெரியும்.

இரவு, மழை, பனிமூட்டம். வண்டிக்குள்ளேயே இருப்பதா?

வளைவில் நின்றிருந்தால் இருக்கக் கூடாது. முக்கோணப் பலகை இருந்தால் வளைவுக்கு முன்பாகவே வையுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் வழக்கப்படி இலையோடு மரக்கிளை ஒடித்துப் போடுங்கள். நாட்டில் எந்தச் சாரதிக்கும் அதன் பொருள் புரியும். கொட்டும் மழையில் மண்மேட்டை வெட்டிய சரிவுக்கு அடியில் ஒதுங்க வேண்டாம். புல்லில் நின்றால் அட்டை ஏறும், அது வேறு. ஆபத்தான இடம் என்றால் 119க்கு அழைத்துப் பொலிஸாரிடம் சொல்லுங்கள். யாருக்காவது காயம் என்றால் 1990 அம்புலன்ஸ்.

சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பக்கத்தில் மலை ஊற்றுப் பீலி இருக்கிறது. தண்ணீர் பிடித்து ஊற்றலாமா?

மலையகத்தில் என்ஜின்கள் சாவதற்கு இந்தப் பீலிகளும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தண்ணீர் அவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் யாருக்கும் பொறுமை வருவதில்லை. கொதிக்கும் என்ஜினில் மலை ஊற்றின் குளிர்ந்த நீர் பட்டால் என்ஜினின் மேற்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையலாம் அல்லது வெடிப்பு விடலாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும்.

முள் ஏறுவதைப் பார்த்தவுடன் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள். என்ஜின் சூட்டில் ஒரு பகுதி உள்ளே வந்து உங்களை வேகவைக்கும், ஆனால் என்ஜின் கொஞ்சம் மூச்சு விடும். அப்போதும் இறங்காவிட்டால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் தொட முடிகிற வரை, குறைந்தது அரை மணி நேரம், காத்திருங்கள். பிறகு துணியைப் போட்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அந்த நொடியே நிறுத்துங்கள். "அடுத்த டவுன் வரைக்கும்" என்று ஓட்டியவர்கள் என்ஜினைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கொழும்பில் கொதிக்காத வண்டி இங்கே ஏன் கொதிக்கிறது? நுவரெலியா குளிர்தானே?

குளிர்தான். ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். என்ஜினின் வழக்கமான வேலைச் சூடு 85 முதல் 95 பாகை. இரண்டுக்கும் இடையே என்ன மிச்சம் இருக்கிறது? எதுவுமில்லை. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை இருபது பாகைக்கு மேல் உயர்ந்து வண்டி தப்புகிறது. மூடியின் இறப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால், கொழும்பில் அது தெரியாது. கம்பளையில் இருந்து றம்பொடை வழியாக ஏறும்போது தெரியும். என்ஜினின் விலையோடு ஒப்பிட்டால் மூடியின் விலை ஒரு நாள் தேநீர்ச் செலவு. பச்சைத் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றினால் கொதிநிலையும் கூடும், உள்ளே துருவும் பிடிக்காது.

நுவரெலியாவுக்கு வந்ததும் வண்டி இழுக்கவில்லை. என்ஜின் போய்விட்டதா?

என்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ இல்லாத வண்டி என்றால் இயல்புதான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. காற்று குறைந்தால் பலமும் ஏறத்தாழ அதே அளவில் குறையும். 658 சிசி வேகன் ஆரில் நான்கு பேரும் மூட்டைகளும் ஏசியும் சேர்ந்தால் அது முனகத்தான் செய்யும். கியரைக் குறையுங்கள். கீழே இறங்கிய பிறகும் இழுக்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் கிளட்சைப் பாருங்கள். என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் குற்றவாளி அதுதான்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகலாமா?

சமதரையில் கொஞ்சத் தூரம் என்றால் செய்யலாம். கினிகத்தேனை இறக்கத்தில் வேண்டாம். என்ஜின் ஓடாத வண்டிக்குப் பிரேக் உதவி இல்லை. கயிறு தளர்ந்தால் பின்வண்டி முன்வண்டியில் மோதும், வளைவில் இறுகினால் பள்ளத்துக்கு இழுக்கும். ஓட்டோமட்டிக் வண்டிகளை, என்ஜின் சுழற்றும் சில்லுகள் தரையில் உருளும்படி இழுத்தால் கியர்பெட்டியும் சேர்ந்து போய்விடும். ஹைபிரிட் வண்டிகளைத் தட்டு லொறியில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும். முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இழுவைச் சேவை அதிலேயே இருக்கலாம். தெருவில் நிற்கும்போதுதான் முக்கால்வாசிப் பேர் அதை முதன்முதலாகப் படிக்கிறார்கள்.

கராஜில் பாஸ் (மெக்கானிக்) பார்த்துவிட்டு "என்ஜின் முடிந்தது" என்கிறார். நம்பலாமா?

எந்தச் சோதனை செய்தார் என்று கேளுங்கள். காதால் கேட்டே சொல்லிவிட்டார் என்றால் அவசரப்பட வேண்டாம். செத்தது போல் நடிக்கும் வண்டிகள் நிறைய உண்டு. பெற்றோல் பம்ப், கிராங்க் சென்சர், இக்னிஷன் கொயில், பற்றரி முனையில் பூத்த உப்புப் படிவு, அடைத்துக்கொண்ட சைலன்சர் எதுவாக இருந்தாலும் வண்டி நிற்கும், இழுக்காது, உதறும். இவற்றுக்கெல்லாம் என்ஜினைத் திறக்க வேண்டியதில்லை. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் கதை வேறு. சில என்ஜின்களில் பெல்டை மாற்றினால் போதும், சிலவற்றில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கும். உங்கள் என்ஜின் எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

உண்மையான சாட்சி, சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்பிரஷன் சோதனைதான். பிளக்கைக் கழற்றி மானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 வீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால் அங்கே நோய் இருக்கிறது. அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் உயர்ந்தால் ரிங்கும் சுவரும் தேய்ந்திருக்கின்றன, கீழ்ப்பகுதி வேலை. உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கட், மேல்பகுதி வேலை. செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மானியின் எண்ணும் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. கொழும்பில் 180 பிஎஸ்ஐ காட்டும் நல்ல என்ஜின் நுவரெலியாவில் 145 அளவில்தான் காட்டும். நிறுவனக் கையேட்டில் உள்ள எண் கடல் மட்டத்துக்கானது. அதை வைத்துக்கொண்டு நானுஓயாவில் ஒரு வண்டிக்கு மரணச் சான்றிதழ் எழுதப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவில் குறைந்திருந்தன. வண்டியைக் கண்டிக்குக் கொண்டுபோய் அளந்தபோது எண்கள் ஏறிக்கொண்டன. உண்மையில் கெட்டிருந்தது பெற்றோல் பம்ப்.

ஒயில் மூடிக்கு அடியில் தயிர் போல வெள்ளையாக இருக்கிறது. ஹெட் கேஸ்கட் போனதுதானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டுத் திரும்புவது போன்ற குறுகிய ஓட்டங்களே ஓடும் வண்டிகளில் உள்ளே சேரும் ஈரம் ஒயிலோடு கலந்து அப்படிப் படிவது வழக்கம். டிப் ஸ்டிக்கில் உள்ள ஒயிலும் பால் கலந்தது போல் இருக்கிறதா, கூலன்ட் குறைகிறதா, சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்று பாருங்கள். மூடியில் மட்டும் என்றால் துடைத்துவிட்டு ஒரு நாள் கண்டி வரை ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

சரி, உண்மையிலேயே போய்விட்டது. திருத்துவதா, வேறு என்ஜின் போடுவதா?

ஹெட் கேஸ்கட் மட்டும் என்றால் திருத்துங்கள். ஹெட்டைக் கழற்றினால் கட்டாயம் லேத்துக்கு அனுப்பித் தளம் பார்க்கச் சொல்லுங்கள். பல ஜப்பானிய என்ஜின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீற்றர் மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. சீவாமல் புதிய கேஸ்கட்டைப் போட்டு மூடினால் அடுத்த ஏற்றத்தில் மறுபடி ஊதும்.

ரிங், பிஸ்டன், கிராங்க் வரை போயிருந்தால் முழுத் திருத்த வேலை. சிலிண்டரைக் கடைந்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போடுவார்கள், கிராங்கைத் தேய்த்து அதற்கேற்ற பியரிங் போடுவார்கள். நல்ல கை செய்தால் என்ஜின் புதிது போல் ஓடும். அந்த நல்ல கை யாருடையது என்பதுதான் கேள்வி. வேலை முடிந்த வண்டியைக் காட்டுகிறவரைவிட, ஆறு மாதத்துக்கு முன் வேலை செய்த வண்டியைக் காட்டுகிறவரை நம்புங்கள். பழைய பாகங்கள் அனைத்தையும் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கேளுங்கள்.

பிளொக் வெடித்திருந்தாலோ, கொனெக்டிங் ரொட் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாலோ யோசிக்க ஒன்றுமில்லை. வேறு என்ஜின்தான்.

எந்த வழியில் போனாலும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். முதல் என்ஜின் ஏன் செத்தது? என் முதல் என்ஜின் றம்பொடையில் கொதித்துச் செத்தது. கடன் வாங்கி வேறு என்ஜின் போட்டேன். நான்கு மாதத்தில் அதே ஏற்றத்தில், ஏறத்தாழ அதே வளைவில், அதுவும் கொதித்தது. பிறகுதான் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தோம். பாதிக் குழாய்கள் சேறு அடைத்துக் கிடந்தன. முதல் முறையே அதைப் பார்த்திருக்க வேண்டியது கராஜின் வேலை என்று சண்டை போட்டேன். கேட்க வேண்டியது என் வேலை என்றும் பிறகு தோன்றியது.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் "ரீகண்டிஷன்" என்ஜின் வாங்குகிறேன். எதைப் பார்ப்பது?

அந்தச் சொல்லில் மயங்க வேண்டாம். நம் நாட்டில் ரீகண்டிஷன் என்றால் பெரும்பாலும் ஜப்பானில் ஓடிக் கழித்த வண்டியில் இருந்து கழற்றியது என்றே பொருள். யாரும் அதைத் திறந்து புதுப்பித்திருக்க மாட்டார்கள். அது குறையும் இல்லை. அங்கே நல்ல வீதிகளில் ஒழுங்காக ஒயில் மாற்றி ஓடிய என்ஜின், இங்கே கடைந்து கட்டிய என்ஜினைவிட நீண்ட காலம் உழைப்பதும் உண்டு.

ஒயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பொன்னிறம் நல்லது, கறுப்புக் களி கெட்டது. பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். முடிந்தால் தரையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என்ஜின் குறியீட்டெழுத்துகள் ஒன்றுபோல் இருந்தாலும் சென்சர்களும் வயர்களும் மாறுபடலாம், அதனால் பழைய என்ஜினின் படங்களைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு போங்கள். விலையில் அல்டர்னேட்டரும் ஏசி பம்பும் சேர்த்தியா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். பிழையென்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். நாளைக் கணக்கிடும்போது நம் ஊருக்குக் கொண்டுவந்து பொருத்தவே நாலைந்து நாள் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

என்ஜின் மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டுமா?

வேண்டும். என்ஜின் இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு ரசீதும் இறக்குமதிக் கடதாசிகளும் கேட்பார்கள். கடதாசி இல்லாத மலிவான என்ஜின் திருட்டு வண்டியில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். லீசிங்கில் உள்ள வண்டி என்றால் உரிமை அந்த நிறுவனத்திடம் இருப்பதால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இன்று ஒன்றும் நடக்காது. வண்டியை விற்கப் போகும் நாளில் வாங்குபவர் இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார், அன்று விலை இறங்கும்.

காப்புறுதியில் கிடைக்குமா?

விபத்தில் உடைந்ததற்குக் கிடைக்கும். தேய்ந்தும் கொதித்தும் போனதற்குப் பொதுவாகக் கிடைக்காது.

வண்டி பழையது. இவ்வளவு செலவழிக்கத் தகுமா?

வெளிநாடுகளில், திருத்தச் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் கைகழுவிவிடு என்பார்கள். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. வரியும் பெரிது. அதனால் இங்கே பழைய வண்டிக்கும் விலை இருக்கிறது.

ஒப்பிட வேண்டியது வேறு இரண்டு எண்களை. ஒரு பேச்சுக்கு, ஓடும் நிலையில் உங்கள் ஆல்டோ 24 இலட்சம் போகும், என்ஜின் செத்த நிலையில் 16 இலட்சத்துக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 8 இலட்சம். வேறு என்ஜின் போட்டு, ரேடியேட்டர் மாற்றி, கூலியும் கொடுத்து 5 இலட்சத்தில் முடியும் என்றால் திருத்துங்கள், பிறகு விற்பதானாலும் சரி. செலவு 8ஐத் தொட்டாலோ, அடித்தட்டில் துரு, கியர்பெட்டியில் சத்தம் என்று வேறு நோய்களும் இருந்தாலோ விட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் வரப்போகும் செலவுகளையும் இந்தக் கணக்கில் சேருங்கள். கராஜ் சொல்லும் தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டியே நான் கணக்குப் பார்ப்பேன். இதுவரை அந்தக் கூடுதல் பணம் கையில் மிஞ்சியதில்லை.

மனைவியின் நகையை அடகு வைத்துச் செய்யலாமா?

வாடகைக்கு ஓடும் வண்டியென்றால், செலவெல்லாம் போக மாதம் கையில் நிற்பது எவ்வளவு என்று முதலில் தாளில் எழுதுங்கள். ஆறு மாத மிச்சத்தில் நகையை மீட்க முடியுமானால் செய்யலாம். காலத்தையும் பாருங்கள். மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் ஓடுபவர்களுக்கு சிவனொளிபாதமலைப் பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரை. நுவரெலியாக்காரர்களுக்கு ஏப்ரல். நவம்பரில் செத்த என்ஜினுக்குக் கடன் வாங்கலாம். ஜூனில் செத்தால் சீட்டு விழும் வரை பொறுக்கலாம்.

கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கும் வண்டி என்றால் நகை கழுத்திலேயே இருக்கட்டும். இது மனைவியிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விடயம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். கேட்காமல் எடுத்த ஒருவரின் வீட்டுச் சண்டை ஹட்டன் வரை வந்தது, நான்தான் தீர்த்து வைத்தேன்.

அப்படியே விற்றுவிடலாமா?

விற்கலாம். ஆனால் நின்ற இடத்தில், நின்ற நாளில் விற்காதீர்கள். நடுத்தெருவில் "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று வருபவர் உங்கள் களைப்பைத்தான் மலிவாக வாங்குகிறார். கம்பிரஷன் அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். பாகம் பாகமாகப் பிரித்து விற்பவர்களும் கேட்பார்கள். உடல் சுத்தமாக இருந்தால் வண்டியாகவே வாங்குபவர்கள் கூடுதலாகத் தருவார்கள்.

உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டு, மற்றதை நிரப்பாமல் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வண்டி நாளை யாரையாவது இடித்தால் பொலிஸார் உங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். வாங்குபவரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நிரப்பி, பிரதி எடுத்து, உரிமை மாற்றத்தைத் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

ஹைபிரிட் வண்டிக்கும் இதே கதைதானா?

பெரும்பாலும். ஒரு வித்தியாசம், என்ஜின் கெட்ட பிறகும் மின்கலத்தில் சிறிது தூரம் ஊர்ந்து போகும், அதை நம்பி ஏற்றத்தில் ஏறக் கூடாது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஹெட் கேஸ்கட் போவது உலகறிந்த நோய். புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் பாதை கரியால் அடைபடுவதை அதற்கு முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். காலையில் முதல் தடவை உயிர்ப்பிக்கும்போது வண்டி குலுங்கினால் தள்ளிப் போடாமல் காட்டுங்கள்.

வேறு என்ஜின் போட்டாகிவிட்டது. மலையில் எப்படி ஓட்டிப் பழக்குவது?

கடைந்து கட்டிய என்ஜின் என்றால் முதல் 1,000 கிலோமீற்றருக்குச் சுமை ஏற்றாதீர்கள். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் திணறவிடுவதுதான் அதற்குப் பெரிய கொடுமை. கியரைக் குறைத்து இலேசாக ஏறவிடுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் கியரிலேயே இறங்குங்கள். 1,000 முடிந்ததும் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள்.

ஜப்பானில் இருந்து வந்த என்ஜினுக்கு இவ்வளவு பத்தியம் தேவையில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் குளிர்ந்த நிலையில் மேலதிகத் தொட்டியில் கூலன்ட் மட்டத்தைப் பார்த்து, தொட்டியிலேயே பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்குக் கீழே ஒரு விரலளவு இறங்கினாலும், அன்று றம்பொடைப் பக்கம் போக வேண்டிய வாடகையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு வண்டியை நேரே கராஜுக்கு விடுங்கள்.